தினமும் நடந்தும் எடை குறையவில்லை: சோற்றைக் குறைப்பதா, நடையைக் கூட்டுவதா?

கீழக்கரையில் கடை வைத்திருக்கிறீர்கள், எடை 78 கிலோ. மூன்று மாதமாகக் காலையில் ஒரு மணி நேரம் கடற்கரையில் நடந்தும் ஒரு கிலோகூட இறங்கவில்லை, சாப்பாட்டைக் குறைப்பதா, நடையை இன்னும் கூட்டுவதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நடையை விடாதீர்கள். ஆனால் எடை இறங்க வேண்டுமென்றால் கை வைக்க வேண்டிய இடம் தட்டுதான்.

எனக்கு ஊர், ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடம். வீடு வீடாகப் போய்ச் சர்க்கரை, பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கிற வேலை. அதனால் எடை மெஷினும் இடுப்பளவு எடுக்கிற டேப்பும் எப்போதும் பையிலேயே இருக்கும். வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். எடை விஷயத்தில் எனக்குப் புரிந்ததில் பாதி, அவர் கரையில் இருக்கும் மீன்பிடித் தடைக்காலத்தில் புரிந்ததுதான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. மற்ற நாட்களில் காலையில் போனால் மறுநாள் காலையில்தான் கரை. இரவு முழுக்க வலை விடுவது, வாங்குவது, வந்ததைக் குனிந்து தரம் பிரிப்பது, ஐஸ் பெட்டி தூக்குவது என்று உடம்பு ஓயாது. அந்த வேலைக்குத் தகுந்த சாப்பாடு சாப்பிட்டுப் பழகியவர்கள். தடைக்காலத்தில் வேலை நின்றுவிடும், வலை பின்னுவதோடு சரி. தட்டு மட்டும் அப்படியே இருக்கும். "கடலுக்குப் போற புள்ள, வயிறார சாப்பிடட்டும்" என்று அத்தை சட்டியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு போடுவார்கள். ஜூன் மாதம் எங்கள் தெருவில் யார் இடுப்பை அளந்தாலும் டேப் கூடத்தான் காட்டும்.

ஒருநாள் அவர் தட்டில் விழுந்த சோற்றை எடை போட்டுப் பார்த்தேன். 600 கிராம். வெந்த சோறு 100 கிராமுக்கு 130 கலோரி, அப்படியானால் சோறு மட்டும் 780. குழம்பும் பொரித்த மீனும் தனி. கடலுக்குப் போய் வந்த உடம்புக்கு அது சரி. கடையில் உட்கார்ந்திருக்கும் உடம்புக்கு அது ஒரே வேளையில் ரொம்ப அதிகம். நம் கரையோரத்தில் பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன். துடுப்புப் போட்டு, கரைவலை இழுத்துப் பிழைத்த தாத்தாக்களின் தட்டு நமக்கு வந்துவிட்டது. அவர்கள் பார்த்த வேலை வரவில்லை. பேரன் பைக்கில் போய்க் கடை திறக்கிறான்.

இப்போது உங்கள் நடைக்கு வருகிறேன். 78 கிலோ உள்ளவர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால் 270 கலோரி வாக்கில் செலவாகும். அந்த ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாலே 75, 80 போயிருக்கும். ஆக நடையால் கூடுதலாகப் போனது 190 சொச்சம். நடந்து முடித்துச் சர்க்கரை போட்ட ஒரு டீ, ஒரு உளுந்த வடை என்றால் அது திரும்ப உள்ளே வந்துவிடும். ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வெறும் நடையால் மட்டும் அதை அடைய ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், அதுவும் வாயைக் கட்டிக்கொண்டிருந்தால். நடந்து வந்த பிறகு பசி கூடுவதும் பலருக்கு நடப்பதுதான்.

கடற்கரையில் நடப்பதாகச் சொன்னதால் இன்னொன்று. உதிரி மணலில் நடந்தால் கெட்டித் தரையைவிட இரண்டு மடங்குக்கும் மேல் சக்தி செலவாகும். மூட்டு வலி இல்லையென்றால் கொஞ்ச தூரம் அப்படி நடங்கள். வலி இருந்தால் அலை நனைத்த ஈர மணலே போதும்.

உழைப்பைக் கூட்டக் கூட எடை இறங்கிக்கொண்டே போகாது என்பதற்கு நல்ல ஆய்வு ஒன்று இருக்கிறது. தான்சானியாவில் ஹட்சா என்ற மக்கள் இன்றும் வேட்டையாடி, கிழங்கு தோண்டி வாழ்கிறார்கள். நாளெல்லாம் நடை. 2012இல் வெளிவந்த ஆய்வில் அவர்கள் ஒரு நாளில் செலவிடும் மொத்தச் சக்தியை அளந்தார்கள். உடல் அளவைக் கணக்கில் எடுத்துப் பார்த்தால், அது மேலை நாடுகளில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களின் செலவைவிடப் பெரிதாக வேறுபடவில்லை. உழைப்பு கூடினால் உடம்பு மற்ற இடங்களில் செலவைச் சுருக்கிக்கொள்கிறது என்பது அந்த ஆய்வாளர்களின் விளக்கம். இது முழுக்க ஈடாகிவிடுவதில்லை, ஓரளவுக்குத்தான். ஆனாலும் ஒரு மணி நேர நடையை இரண்டாக்கினால் பலனும் இரண்டாகும் என்று நம்பி முழங்காலைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, தட்டில் என்ன மாற்றுவது? நமக்கு இருக்கிற பெரிய பாக்கியம் மீன். 100 கிராம் மீனில் 18, 20 கிராம் புரதம் இருக்கிறது. புரதம் பசியை நெடுநேரம் தாங்கும், எடை இறங்கும்போது தசை கரையாமலும் காக்கும். வஞ்சிரமெல்லாம் வேண்டாம். சூடையும் சாளையும் நெத்திலியும் காரலும் போதும், விலையும் கட்டுப்படியாகும். எங்கள் வீட்டில் செய்தது இவ்வளவுதான்: முதலில் மீனும் ஒரு காயும் தட்டில் விழும், அப்புறம் சோறு, முன்பு போட்டதில் பாதி. சோற்றுச் சட்டி அடுப்படியை விட்டு வெளியே வராது. அத்தைக்கு முதலில் மனசே இல்லை. மீன் துண்டு கூடியதைப் பார்த்த பிறகு சமாதானம் ஆனார்கள். அடுத்த தடைக்காலத்தில் அவர் இடுப்பளவு ஏறவில்லை. அதே சமையலைச் சாப்பிட்டு நானும் மாதம் ஒரு கிலோ வாக்கில் இறங்கினேன்.

மீனைப் பொரிக்கிற விஷயத்தில் மட்டும் கவனம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. புளி ஊற்றிய ஆணமாக, அதாவது குழம்பாக வைத்தாலோ, கல்லில் சில சொட்டு விட்டுச் சுட்டாலோ அந்தக் கணக்கு வராது. தினமும் தேங்காய்ப்பால் ஊற்றுவதையும் வாரத்துக்கு ஒருமுறை என்று ஆக்கிக்கொள்ளலாம்.

அப்புறம் உங்கள் ஊர் இனிப்பான தொதல். கருப்பட்டியில் கிண்டியது, உடம்புக்கு நல்லது என்று நான் போகிற வீடுகளில் சொல்லிச் சொல்லிச் சாப்பிடுகிறார்கள். கருப்பட்டியும் பெரும்பங்கு சர்க்கரைதான், கலோரியில் வெள்ளைச் சர்க்கரைக்கு அதிகம் குறைந்ததில்லை. கூடவே கெட்டித் தேங்காய்ப்பாலும் அரிசி மாவும். விசேஷத்துக்கு ஒரு துண்டு சாப்பிடுங்கள், வேண்டாமென்று சொல்ல மாட்டேன். டீயோடு தினமும் வேண்டாம். பதநீரிலும் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் சர்க்கரை உண்டு. நுங்கு பெரும்பாலும் தண்ணீர், அதைத் தாராளமாகச் சாப்பிடலாம்.

அப்படியானால் எதற்கு நடக்க வேண்டும்? சாப்பாட்டை மட்டும் குறைத்தால் இறங்குகிற எடையில் தசையும் சேர்ந்தே போகும். உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, தண்ணீர்க் குடம் தூக்குவது போல வலுவுக்கான வேலை வாரத்தில் இரண்டு நாளாவது வேண்டும். நடை, சர்க்கரையையும் பிரஷரையும் கட்டுக்குள் வைக்க உதவும். எடை ஒரு கிராம் இறங்காவிட்டாலும் அந்த நன்மை உண்டு, என் கையால் பிரஷர் பார்க்கிற வீடுகளில் அது தெரிகிறது. இறங்கிய எடை திரும்ப ஏறாமல் இருக்கவும் நடைதான் துணை. அமெரிக்காவில் 1994 முதல், 13 கிலோவுக்கு மேல் குறைத்து ஒரு வருடமாவது காப்பாற்றியவர்களைப் பதிவு செய்து வருகிறார்கள். அவர்களில் பத்தில் ஒன்பது பேர் சராசரியாகத் தினம் ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறவர்கள். உங்கள் மூன்று மாத நடை வீண் போகவில்லை.

மெஷின் காட்டும் எண்ணை நாளுக்கு நாள் நம்பாதீர்கள். இரவு கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டால் உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும், காலையில் எடை கூடித் தெரியும். அதேபோல முதல் வாரம் சடசடவென இறங்குவதில் பெரும்பகுதி தண்ணீர். வாரம் ஒருமுறை, காலையில், வெறும் வயிற்றில் பாருங்கள். இடுப்பையும் அளங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80க்குள் இருப்பது நல்லது. வாரத்துக்கு அரைக் கிலோ இறங்கினால் அருமையான வேகம், போகப் போக அது குறையும். உடம்பு சிறுத்தால் அதன் செலவும் சிறுக்கும், பயப்பட வேண்டாம்.

சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறீர்களா என்று எழுதவில்லை. எடுத்தால், சோற்றைப் பாதியாக்கும் முன் டாக்டரிடம் சொல்லி அளவை மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள். மாத்திரை பழைய அளவிலேயே இருந்து சாப்பாடு மட்டும் குறைந்தால் சர்க்கரை திடீரென இறங்கிவிடலாம். நடக்கும்போது கை நடுக்கம், வியர்வை, கண் இருட்டல் வந்தால் அங்கேயே உட்கார்ந்து மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டுக்கொள்ளுங்கள். சின்னப் பொட்டலம் ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும்.