செம்பு விறகு பாய்லரில் கேஸ் பர்னர்: மஞ்சள் சுடர், கரி

வணக்கங்க. கோபிசெட்டிபாளையத்தில் குளியலறைக்குள் இருக்கிற விறகு பாய்லரில் கேஸ் பர்னர் வைத்தபின் சுடர் மஞ்சளாகி, கரி படிந்து, நடுவில் அணைகிறது என்று கேட்டிருந்தீங்க. காற்று பத்தலைங்க.

முதல் வேலை, பாய்லரைத் திண்ணைக்கோ கொல்லைக்கோ மாற்றுங்க. மூடிய குளியலறையில் மஞ்சள் சுடர் என்றால் கார்பன் மோனாக்சைடு. வாசனையே இருக்காது, ஆளைச் சாய்த்துவிடும்.

அடுத்து, விறகு எரித்த சல்லடைத் தட்டை எடுத்துடுங்க. பாய்லரை நாலு செங்கல்மேல் ஏற்றி, சூடும் புகையும் மேலே போகும் நடுக்குழாய்க்கு நேர் கீழே பர்னரை நிறுத்துங்க. குளிர்ந்த செம்பில் சுடர் முட்டினால் கரிதான், நாலைந்து செ.மீ. இடைவெளி விடுங்க. நடுக்குழாயில் பழைய கரி அடைத்திருந்தால் மற்றதெல்லாம் வீண், கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கணும். அப்புறமும் மஞ்சளா? பர்னரின் காற்றுத் தகட்டைக் கொஞ்சம் திறங்க. கேஸ் வரும் ஜெட் துளையைக் குத்திப் பெரிதாக்க வேண்டாம்.

வீட்டு ரெகுலேட்டர் தருவது 30 மில்லிபார்தான். ஓட்டல் கடை ஹை பிரஷர் பர்னர் இதற்கு ஆகாது. சுடர் அணைந்தால் கேஸை நிறுத்தும் தெர்மோகப்பிள் வால்வு உள்ளதாக வாங்குங்க. எரியாமல் வெளியேறும் எல்பிஜி காற்றைவிடக் கனம், அடியிலேயே தங்கும். மறுபடி பற்றவைத்தால் குப்பென்று வெடிக்கும். இணைப்புகளைச் சோப்பு நுரையில் சோதிங்க.

20 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60க்கு ஏற்ற, பாதிச் சூடு வீணானாலும் சுமார் 130 கிராம் கேஸ் போதும். தண்ணீர் நிரப்பாமல் மட்டும் பற்றவைக்காதீங்க, ஈயப்பற்று உருகிவிடும்.