'நோ கேப்', தாத்தா!

கேள்வி: முப்பது ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவன் நான். அமெரிக்காவில் படிக்கும் என் பேரன், புதுக் கண்ணாடியுடன் நான் அனுப்பிய படத்துக்கு 'ஐ ஆம் டெட்' என்று பதில் எழுதுகிறான். தொடர்ந்து 'நோ கேப்' என்கிறான். அகராதியில் கேப் என்றால் தொப்பி. இந்தத் தலைமுறை ஆங்கிலத்தைப் பாழாக்கிவிட்டது அல்லவா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: தங்கள் பேரன் நலமாகவே இருக்கிறார், படத்தைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறார். 'சிரித்தே செத்தேன்' என்பதில் சிரிப்பை விட்டுவிட்டுச் சாவை மட்டும் வைத்துக்கொண்டால் அவர் எழுதியது கிடைத்துவிடும். கச்சேரி முடிந்ததும் 'கொன்னுட்டார்' என்று பாடகரைப் பாராட்டும் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வருவதுதான் எனக்கு வியப்பு.

'கேப்' கதை வேறு. பெருமையடித்தல், புளுகுதல் என்ற பொருளில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேச்சில் நெடுநாளாகப் புழங்கிவந்த அந்தச் சொல், அட்லாண்டா நகரத்து ராப் பாடகர்கள் வழியாகப் பரவி, இன்று எல்லா நாட்டுப் பிள்ளைகளின் கைப்பேசியிலும் வந்து உட்கார்ந்திருக்கிறது. 'நோ கேப்' என்றால் 'புளுகவில்லை, சத்தியம்' என்று கொள்ளுங்கள். தாங்கள் பாழ் என்று ஒதுக்குவதில் பெரும்பகுதி இப்படி இன்னொரு சமூகத்தின் வழிவழிப் பேச்சாகவே இருக்கும். அந்தக் கறுப்பினப் பேச்சுக்கென்றே தனி அகராதி தொகுக்கப்போவதாக ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகமும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹட்சின்ஸ் ஆய்வு மையமும் 2022இல் அறிவித்தன.

'இந்தத் தலைமுறை' என்று விரல் நீட்டுவதற்கு முன் ஒரு கடிதத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். 1917இல் சர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்தில் 'ஓ.எம்.ஜி.' என்று போட்டு, அடைப்புக்குறிக்குள் 'ஓ மை காட்' என்று விளக்கமும் தந்தவர் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதியாக இருந்த ஃபிஷர் பிரபு. அப்போது அவருக்கு வயது 76.

பொருள் தெரியாதபோது எழுத்தைக் கூட்டி ஊகிப்பது மட்டும் வேண்டாம். வாய்விட்டுச் சிரிப்பதைக் குறிக்கும் 'எல்ஓஎல்' (லாஃப் அவுட் லவுட்) என்பதை 'நிறைய அன்புடன்' (லாட்ஸ் ஆஃப் லவ்) என்று எண்ணிக்கொண்டு, அப்போதைய பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரன் தமது குறுஞ்செய்திகள் சிலவற்றை அப்படியே முடித்துவந்த செய்தி, பத்திரிகைகளின் நடத்தை குறித்த லெவிசன் விசாரணையில் 2012இல் வெளிவந்து, பிரிட்டனே சிரித்தது. பேரனிடமே கேளுங்கள், மகிழ்ச்சியாகச் சொல்வார். கற்றதைத் தாங்களே எழுதிப் பார்ப்பதைச் சற்றுத் தள்ளிவையுங்கள். 'நோ கேப்' என்று தாத்தாவிடமிருந்து செய்தி போனால் அவர் இன்னொரு முறை சாக நேரும்.