தகர ரயிலும் கைகாட்டி மரமும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் தேர்க்கடைப் பொம்மைகளைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பொம்மை ரயிலைப் பற்றியே இருந்ததால் இந்த முறை பக்கம் முழுக்க ரயிலுக்கே கொடுத்துவிட்டேன், நடுவில் ஒரு படகு மட்டும் வரும்.

கே: எங்கள் அப்புச்சி குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கணக்கு எழுதினவர். சீமைக்குத் திரும்பிப் போன துரை ஒருத்தர் கொடுத்தது என்று ஒரு ரயில் செட்டை டிரங்குப் பெட்டியில் போட்டு அட்டாலியில் வைத்திருந்தார். இன்ஜின், நாலு பெட்டி, ஒரு கைகாட்டி, ஒரு குட்டி ஸ்டேஷன். தண்டவாளத்தில் இரண்டு கம்பிக்குப் பதில் மூன்று இருக்கிறது. இது என்ன ரயிலுங்க? புதுசாகப் பெயின்ட் அடித்து வைக்கலாமா? (வாசகர், காரமடை)

பெயின்ட் அடிக்காதீர்கள், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பழைய பெயின்டும் எழுத்தும்தான் அதன் வயதைச் சொல்லும் சாட்சி, அதன் மேல் ஒரு கோட் அடித்துவிட்டால் அப்புறம் எந்தக் காலத்து ரயில் என்று யாராலும் சொல்ல முடியாது. காய்ந்த மெல்லிய துணியால் தூசியைத் துடையுங்கள், சக்கரம் சுழலும் இடத்தில் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள், போதும்.

என்ன ரயில் என்பதற்கு ஒரு ஸ்கேலை எடுத்துக்கொண்டு வெளிக்கம்பி இரண்டுக்கும் நடுவில் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து பாருங்கள். 32 வந்தால் அது ஓ கேஜ், பெரிய சைஸ். 16.5 வந்தால், அடியில் ஜல்லி போட்ட மாதிரி அச்சடித்த தகரத் தட்டும் இருந்தால், லிவர்பூலில் மெக்கானோ கம்பெனி செய்த ஹார்ன்பி டப்ளோவாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். 1901ல் துளை போட்ட தகடும் திருகும் வைத்துப் பூட்டி விளையாடும் பொம்மைக்கு, பிற்பாடு மெக்கானோ என்று பெயர் வாங்கியதற்கு, காப்புரிமை வாங்கிய பிராங்க் ஹார்ன்பிதான் 1920ல் சாவி கொடுத்து ஓடும் ரயிலையும் கொண்டுவந்தார். சின்ன சைஸ் டப்ளோ 1938ல் வந்தது.

மூன்றாவது கம்பி மின்சாரத்துக்கு. நடுக்கம்பி வழியாக கரன்ட் போகும், வெளிக்கம்பி இரண்டும் சேர்ந்து அதைத் திருப்பிக் கொண்டுவரும். இரண்டே கம்பியில் ஓட்ட வேண்டுமென்றால் இரும்புச் சக்கரமும் அச்சும் இரண்டு கம்பியையும் ஒன்றாகச் சேர்த்து ஷார்ட் ஆக்கிவிடும், அதனால் ஒவ்வொரு சக்கரத்தையும் அச்சிலிருந்து கரன்ட் தாவாதபடி பிரித்துக் காப்பிட வேண்டும். மூன்று கம்பி இருந்தால் அந்த வேலை இல்லை. டப்ளோ 1959ல்தான் இரண்டு கம்பிக்கு மாறியது, ஆக உங்களுடையது பெரும்பாலும் அதற்கு முந்தையது.

இன்னொன்று, கெஞ்சிக் கேட்கிறேன். பெட்டிக்குள் பழைய டிரான்ஸ்பார்மர் இருந்தால் அதைச் சுவரில் செருகிப் பார்க்காதீர்கள். அந்தக் காலத்து ஒயரின் ரப்பர் உறை இத்தனை வருஷத்தில் பொடிப்பொடியாக உதிர்ந்திருக்கும், 230 வோல்ட் உங்கள் கைக்கே வந்துவிடும். டப்ளோதான் என்று உறுதியானால் 12 வோல்ட் டி.சி. கொடுக்கும் புது கன்ட்ரோலர் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். வார்ப்பு பாகங்களில் மெல்லிய வெடிப்பு தெரிந்தால் அந்த வண்டியை ஓட்டாமல் அப்படியே வைத்துவிடுங்கள். துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்துவிட்டால் அது உள்ளுக்குள்ளேயே வீங்கி விரிசல் விட்டு உதிரும், இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தைய வார்ப்புகளில் இதை நிறையப் பார்க்கலாம், அதற்கு மருந்து கிடையாது.

கே: பழைய ரயில் செட் தேடுகிறேன். இன்ஜினைக்கூட ஒரு விலைக்குப் பேசலாம் போலிருக்கிறது, கைகாட்டி, கேட், ஸ்டேஷன் பெஞ்ச், பெட்டி தூக்கும் போர்ட்டர் பொம்மை இதற்கெல்லாம் யானை விலை சொல்கிறார்கள். ரயில் ஓட அதெல்லாம் எதற்கு? (வாசகர், ஈரோடு)

ஈரோட்டில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா? ஒரு ஜங்ஷனில் ரயிலை மட்டுமா பார்க்கிறோம்?

நான் போத்தனூரில் வளர்ந்தவன். அப்பா மில்லில் வேலை. ரயில்வே காலனியில் என் வகுப்புப் பையன் ஒருவன் இருந்தான், அவன் அப்பா இன்ஜின் டிரைவர். 1958 கிறிஸ்துமஸுக்கு அவன் மாமா சீமையிலிருந்து ஒரு ரயில் செட் அனுப்பியிருந்தார். எனக்கு எட்டு வயது. ரயிலை யாரும் தொடக்கூடாது என்று அவன் அம்மா சொல்லியிருந்தார்கள், அவன் என்னைத் தனியாகக் கூட்டிப்போய் தண்டவாளம் வளையும் இடத்தில் உட்கார வைத்து, "கேட்டை மட்டும் நீ பாத்துக்கோ" என்றான். விரல் அகலத்தில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு தகரக் கேட். ரயில் வருவதற்குள் மூடவேண்டும், போனதும் திறக்கவேண்டும், அவ்வளவுதான் என் வேலை. ரயில் எத்தனை சுற்று சுற்றியதோ ஞாபகம் இல்லை. கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற மாட்டு வண்டி மட்டும் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது, அது தேர்க்கடையில் வாங்கிய மண் பொம்மை, என் தங்கையின் சொப்புச் சாமானிலிருந்து நான் எடுத்துப்போனது. அந்த வண்டிக்காரர் சந்தைக்குப் போகிறார், நேரமாகிறது, கேட் போட்டிருக்கிறது என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரு மத்தியானம் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தோம்.

வட்டமாகச் சுற்றும் ரயிலை எத்தனை நேரம் பார்ப்பது? பத்து நிமிஷம். ஒரு கைகாட்டியை நட்டால் ரயில் நிற்கக் காரணம் வந்துவிடுகிறது, ஒரு பெஞ்சைப் போட்டால் அதில் யாரோ காத்திருக்கிறார், அப்புறம் அது ஓர் ஊர். பொம்மை செய்தவர்களுக்கும் இது தெரிந்திருந்தது. அமெரிக்காவில் லயனல் கம்பெனி 1935ல் ஒரு கேட்காரர் குடிசை விற்றது. ரயிலின் எடை தண்டவாளத்துக்கு அடியில் இருக்கும் சுவிட்சை அமுக்கியதும், கேட்காரர் கதவைத் திறந்துகொண்டு விளக்கோடு வெளியே வருவார். 1947ல் ஒரு பால் வண்டி விட்டார்கள், பொத்தானை அமுக்கினால் ஆள் வந்து பால் கேனைப் பிளாட்பாரத்தில் தள்ளி வைப்பார். ஹார்ன்பி ரயிலோடு வைப்பதற்கென்று மெக்கானோ கம்பெனி செய்த குட்டி ஆட்களும் குட்டிக் கார்களும்தான் 1934ல் டிங்கி என்று பெயர் வாங்கித் தனியாகவே உலகம் சுற்றின. ரயிலுக்குத் துணையாக வந்த சாமான் ரயிலை விடப் பெரிதாக வளர்ந்த கதை அது. பிற்பாடு அதில் சில கார்களை வார்க்கும் அச்சுகள் கல்கத்தாவுக்கு வந்து நிக்கி என்ற பெயரில் கார்கள் வந்தன, உங்கள் வீட்டு டப்பாவில் ஏதாவது கிடந்தால் அடித்தட்டைத் திருப்பிப் பாருங்கள்.

விலை ஏன் அதிகம் என்றால், இன்ஜினைப் பத்திரமாக எடுத்து வைத்தார்கள், போர்ட்டரைப் பெருக்கித் தள்ளிவிட்டார்கள். மிஞ்சியது கொஞ்சம். கையில் காசு கொஞ்சமாக இருந்தால் சுமாரான இன்ஜினாகப் பார்த்து எடுத்துக்கொண்டு நல்ல கைகாட்டி ஒன்று வாங்குங்கள், நான் அதைத்தான் செய்வேன்.

கே: காசு கொடுத்து வாங்கிய ரயில் எங்களுக்கு ஏது? நீங்கள் எழுதுவது பணக்கார வீட்டுக் கதை. (வாசகி, திருப்பூர்)

நியாயமான கேள்விங்க. எங்கள் வீட்டிலும் இல்லை. அப்பா மில்லிலிருந்து கொண்டுவந்த, நூல் சுற்றும் உடைந்த மரபாபின்தான் எங்கள் இன்ஜினின் பாய்லர், பெட்டிகள் எல்லாம் தீப்பெட்டி, சோடா மூடி சக்கரம், இழுக்கக் கோன் நூல். காலி நூல்கண்டின் துளைக்குள் ரப்பர் பேண்டை விட்டு ஒரு முனையைக் குச்சியில் மாட்டி, நடுவில் மெழுகுவர்த்தித் துண்டு ஒன்றை வைத்து முறுக்கி விட்டால் தானாகவே ஊர்ந்து போகுமே, அது எங்கள் கூட்ஸ் வண்டி. உங்கள் ஊரில் அதற்கு என்ன பெயர் சொன்னீர்கள்? எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.

கே: சின்ன வயதில் பாரியூர்த் தேர்க்கடையில் தகரப் படகு வாங்குவோம். விளக்கை ஏற்றி உள்ளே வைத்தால் அண்டாத் தண்ணீரில் டபடபவென்று சுற்றும். மோட்டாரும் இல்லை, சாவியும் இல்லை, எப்படி ஓடியது? (வாசகர், கோபிசெட்டிபாளையம்)

படகுக்குள் மெல்லிய தகடு வைத்த ஒரு சப்பைப் பெட்டி, அதிலிருந்து பின்பக்கம் தண்ணீருக்குள் போகும் இரண்டு குழாய். ஓட்டுவதற்கு முன்னால் குழாய் வழியாகத் தண்ணீர் நிரப்புவோமே, அது ஏன் என்று அப்போது யாரும் சொல்லித்தரவில்லை. விளக்கின் சூட்டில் பெட்டிக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகிக் குழாயில் உள்ள தண்ணீரை வெளியே தள்ளும். ஆவி குளிர்ந்த குழாய்ப் பக்கம் வந்ததும் சுருங்கும், வெளித் தண்ணீர் திரும்ப உள்ளே வரும், மறுபடி சூடாகும். தகடு உப்பி அமுங்குவதுதான் அந்த டபடப சத்தம்.

தள்ளுவதும் இழுப்பதும் சமம்தானே, பிறகு எப்படி முன்னால் போகிறது என்று கேட்டால், வெளியே போகும் தண்ணீர் நேராகப் பின்னால் பீய்ச்சி அடிக்கும், உள்ளே வரும் தண்ணீர் நாலாபக்கத்திலிருந்தும் வந்து சேரும். அந்த வித்தியாசம்தான் ஓட்டம். தோமா பியோ என்பவர் 1891லேயே இங்கிலாந்தில் இதற்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார்.

கே: ரிட்டயர் ஆகிவிட்டேன். மேட்டுப்பாளையம் ஊட்டி ரயிலை மாடியில் மாதிரியாகச் செய்ய ஆசை. முடியுமா? (வாசகர், உடுமலை)

முழுசாக முடியாதுங்க, கணக்குப் போட்டுப் பார்த்தேன். எச்ஓ ஸ்கேல் என்றால் 87ல் ஒரு பங்கு. 46 கிலோமீட்டர் பாதை 529 மீட்டராக வரும். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து 326 மீட்டர், ஊட்டி 2203 மீட்டர், அந்த ஏற்றம் மட்டும் 21 மீட்டருக்கு மேல், ஏழு மாடி உயரம். கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும் உள்ள பல்சக்கரப் பாதையில் ஒரு வளைவும் ஒரு குகையும் ஒரு பாலமும் போதும், நிஜத்தில் முழுப் பாதையிலும் சேர்த்து 16 குகையும் 250 பாலமும் இருக்கட்டும்.

அது மீட்டர் கேஜ், இரண்டு கம்பிக்கும் நடுவில் ஒரு மீட்டர், ஆகவே எச்ஓவில் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் வேண்டும். சரிவு 12க்கு 1, அதாவது ஒரு மீட்டர் ஓடினால் 8 சென்டிமீட்டர் ஏறும். சாதாரண மாதிரி இன்ஜின் அதில் வழுக்கும், சுவிட்சர்லாந்து மலை ரயில்களுக்கென்று விற்கும் பல் வைத்த தண்டவாளத்தைத் தேடுங்கள். நம் ஊட்டி ரயிலை இழுக்கும் எக்ஸ் ரக நீராவி இன்ஜினும் ஆதியில் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரிலிருந்து வந்ததுதான். ஏறும்போது நிஜத்தில் போலவே இன்ஜினைப் பெட்டிகளுக்குப் பின்னால் போடுங்கள், முன்னால் மாட்டிய மாதிரிகளைப் பார்த்தால் எனக்குத் தாங்காது. பெட்டிக்கு ஒரு பிரேக்காரர் கொடியோடு நிற்க வேண்டும்.

மற்ற சாமானுக்குக் கடைக்குப் போகவேண்டாம். டீ போட்ட சக்கையைக் காயவைத்துத் தூவினால் தேயிலைத் தோட்டத்து மண் வந்துவிடும், பொள்ளாச்சித் தென்னைநார்த் தூளில் மலைச்சரிவு, காய்ந்த பீர்க்கங்காய் நாரைப் பிய்த்துப் பச்சை அடித்தால் மரம்.

கே: அகலப்பாதை ஆவதற்கு முன்னால் இருந்த பொள்ளாச்சி ஸ்டேஷனை அட்டையில் செய்துகொண்டிருக்கிறேன். கைகாட்டி ராத்திரியில் பச்சை காட்டவேண்டும். சின்ன பல்புக்கு முன்னால் பச்சைக் காகிதம் ஒட்டினால் மஞ்சளும் பச்சையுமாகக் கலங்கலாகத் தெரிகிறது. என்ன செய்யலாம்? (வாசகி, பொள்ளாச்சி)

பச்சையை எடுத்துவிட்டு நீலப்பச்சை ஒட்டுங்கள், நீலம் தூக்கலாக இருக்கட்டும். நிஜக் கைகாட்டியிலும் அப்படித்தான். உள்ளே எரிந்தது சீமெண்ணெய் விளக்கு, அதன் வெளிச்சம் மஞ்சள், அதனால் கண்ணாடியை நீலமாகப் போட்டார்கள், இரண்டும் சேர்ந்து தூரத்திலிருந்து பச்சையாகத் தெரிந்தது. போத்தனூரில் சாயங்காலம் விளக்குக்காரர் ஏணியில் ஏறி விளக்கை மாட்டும்போது கீழே நின்று பார்ப்போம், பகலில் அது நீலக் கண்ணாடியாக இருக்கிறதே என்று எனக்கு ரொம்ப நாள் சந்தேகம். கை படுக்கையாக இருந்தால் சிவப்பு, கீழே சாய்ந்தால் பச்சை, மாற்றி ஒட்டிவிடாதீர்கள். செய்து முடித்ததும், விளக்கு எரியும்போது எடுத்த படம் ஒன்று அனுப்புங்கள்.