மரணச் சீட்டு வந்தால் ஆள் செத்தே ஆகவேண்டுமா?

கேள்வி: எந்த ஆங்கில சீரியலைப் பார்த்தாலும் குறி சொல்கிற டாரட் கார்டு என்று ஒன்று வந்துவிட்டால் அதில் மரணச் சீட்டுதான் விழுகிறது, அடுத்த எபிசோடில் யாராவது செத்தும் போகிறார்கள். நிஜத்திலும் அந்தச் சீட்டுக்கு அதுதான் அர்த்தமா? விறுவிறுப்புக்காகச் செய்கிறார்கள் என்றால் அதில் என்ன தப்பு?

பதில்: அர்த்தம் அது இல்லை. தப்பும் இருக்கிறது, ஒன்றல்ல, இரண்டு.

முதலில் சீட்டைப் பார்ப்போம். பெரும்பாலான சீரியல்களில் நீங்கள் பார்ப்பது 1909-இல் லண்டனில் வெளியான சீட்டுக்கட்டு, மாந்திரீகம் பற்றி எழுதிய ஆர்தர் வெய்ட் சொல்லச் சொல்ல பமேலா கோல்மன் ஸ்மித் என்ற பெண் வரைந்தது. அதில் 13-ஆம் எண் சீட்டுதான் மரணம். கறுப்புக் கவசம் அணிந்த எலும்புக்கூடு வெள்ளைக் குதிரையில் வருகிறது, ராஜா கீழே விழுந்து கிடக்கிறார், ஒரு பிஷப் எதிரே நிற்கிறார், ஒரு குழந்தை மண்டியிட்டு நிமிர்ந்து பார்க்கிறது, பின்னால் தூரத்தில் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே சூரியன். கேமரா மண்டையோட்டை மட்டும் க்ளோசப்பில் காட்டிவிட்டு நகர்ந்துவிடும், அந்தச் சூரியனைக் காட்டவே காட்டாது. சீட்டு பார்க்கிறவர்கள் அதற்குச் சொல்லும் பலனோ, ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்பதுதான். சீட்டு எதிர்காலத்தைச் சொல்லும் என்று நான் நம்பவில்லை, ஆனால் அதை நம்புகிறவர்களே சொல்லாத ஒன்றை அவர்கள் வாயில் திணிப்பது நியாயமில்லை. தவிர, கட்டில் மொத்தம் 78 சீட்டு; கலைத்து மூன்று எடுத்தால் அதில் மரணம் இருக்க வாய்ப்பு 26-இல் ஒன்று. இந்தப் பழக்கம் எவ்வளவு நைந்து போனது என்றால், 1995-லேயே 'தி சிம்ப்சன்ஸ்' கார்ட்டூனில் இதைக் கிண்டல் செய்துவிட்டார்கள்: மரணச் சீட்டு வந்ததும், பயப்படாதே, மாற்றம் என்றுதான் அர்த்தம் என்கிற குறிகாரி, அடுத்து சந்தோஷமான அணில் படம் போட்ட சீட்டு வந்ததும் பதறிப்போகிறாள்.

விறுவிறுப்பு வேண்டும்தான், யார் வேண்டாம் என்றது? 'மேட் மென்' தொடரில் 2008-இல் வந்த ஒரு காட்சியைப் பாருங்கள். செத்துப்போன ஒருவனின் பெயரைத் திருடி அந்தப் பெயரிலேயே வாழும் டான், அந்த மனிதனின் மனைவி அன்னாவின் வீட்டில் உட்கார்ந்திருக்கிறான், அவள் அவனுக்குச் சீட்டு போடுகிறாள். ஒரு சீட்டைப் பார்த்து உலகத்தின் முடிவு என்கிறான் அவன், இல்லை, உயிர்த்தெழுதல் என்கிறாள் அவள். நீ தனியாள் என்று நினைக்கிறாயே, அது ஒன்றுதான் உன்னைச் சந்தோஷமாக இருக்கவிடாமல் தடுக்கிறது என்று சொல்லி, நீ மாறலாம் என்கிறாள், மனுஷன் மாறுவதில்லை என்று அவன் பதில் சொல்கிறான். ஒரு சாவு இல்லை, இடி மின்னல் இல்லை, ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை, ஏனென்றால் அங்கே பேசுவது இரண்டு மனிதர்கள், சீட்டு அந்தப் பேச்சுக்கு ஒரு சாக்கு. மற்ற சீரியல்களில் சீட்டு தீர்ப்பு சொல்லிவிடுகிறது, அப்புறம் பாத்திரங்களுக்குப் பேச என்ன இருக்கிறது? எழுதுகிறவரின் சோம்பேறித்தனம், அவ்வளவுதான்.

சரி, அதைக்கூட மன்னிக்கலாம். இரண்டாவது தப்பை என்னால் மன்னிக்க முடியவில்லை. சீட்டு போடுகிறவள் யார்? தலையில் துணி, காதில் பெரிய வளையம், காசைப் பிடுங்குகிற ஜிப்ஸிக் கிழவி. டாரட்டுக்கும், ஜிப்ஸி என்று மற்றவர்கள் கூப்பிடும் ரோமா மக்களுக்கும் பிறப்பில் எந்தச் சம்பந்தமும் இல்லை. அது 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் பணக்காரர் வீடுகளில் ஆடிய சீட்டாட்டம், பிரான்சிலும் ஆஸ்திரியாவிலும் இன்றைக்கும் விளையாட்டாகவே ஆடுகிறார்கள். 1781-இல் பாரிஸில் கூர் த ஜெபலன் என்பவர் இது பண்டைய எகிப்தியரின் ரகசிய ஞானம் என்று ஆதாரமே இல்லாமல் எழுதினார், ரோமா மக்களும் அந்தக் கதையில் இழுக்கப்பட்டார்கள், அடுத்த நூற்றாண்டில் மாந்திரீகம் எழுதிய பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பரப்பினார்கள். அந்த மக்களின் முன்னோர் எகிப்திலிருந்து வந்தவர்களும் இல்லை, வட இந்தியாவிலிருந்து போனவர்கள், அவர்கள் பேசும் மொழியே அதற்குச் சாட்சி. திருடர்கள், சூனியக்காரர்கள் என்று ஐரோப்பா அவர்களை ஊர் ஊராக விரட்டியது, ஹிட்லரின் ஆட்கள் லட்சக்கணக்கில் கொன்றார்கள். இன்றைக்கும் பல நாடுகளில் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளியில் தனியாக உட்கார வைக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளும் வீட்டில் டிவி பார்க்கிறார்கள்.