அந்தக் காலத்து இங்கிலாந்து கால்பந்து உண்மையிலேயே அவ்வளவு நன்றாக இருந்ததா?

எழுபது, எண்பதுகளின் இங்கிலாந்து கால்பந்துக்குப் பழைய ரசிகர்கள் ஏங்குவதில் நியாயம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆட்டத்தின் தரத்துக்காக என்றால், இல்லை. அந்தக் காலத்து மேட்ச் ஒன்றை முழுசாகப் பாருங்கள். பாதி நேரம் கோல்கீப்பருக்கே பந்தைத் திருப்பித் தருவார்கள், அவரும் கையில் எடுத்துக்கொண்டு நிதானமாக நடப்பார் (அதற்குத் தடை வந்ததே 1992ல்தான்). டெர்பி கவுண்டி கிளப்பின் மைதானத்தில் சேறு எவ்வளவு என்றால், 1977ல் பெனால்டி அடிக்க வேண்டிய இடமே தெரியாமல் ஊழியர் ஒருவர் பெயின்ட் வாளியோடு வந்து புள்ளி வைத்துவிட்டுப் போனார்.

ஆனால் யார் ஜெயிப்பார்கள் என்று தெரியாத லீக்குக்காக ஏங்குகிறார்கள் என்றால், நானும் அந்தக் கட்சிதான். நாட்டிங்காம் ஃபாரஸ்ட் 1977ல் இரண்டாம் டிவிஷனில் மூன்றாவதாக வந்து, தட்டுத்தடுமாறி மேலே ஏறிய அணி. அடுத்த ஆண்டே லீக் சாம்பியன். 1979லும் 1980லும் ஐரோப்பாவின் சாம்பியன் கிளப்புகள் மோதும் ஐரோப்பியக் கோப்பை. அவர்களின் மேனேஜர் பிரையன் கிளஃப், அதற்கு முன் 1972ல் பக்கத்து ஊர் டெர்பியையும் சாம்பியனாக்கியவர். ஆஸ்டன் வில்லா 1981ல் பட்டம் வென்றபோது சீசன் முழுக்க இறக்கியது பதினான்கே வீரர்களை.

சின்ன கிளப்பான லெஸ்டர் 2016ல் லீக்கை வெல்லவில்லையா என்பீர்கள். வென்றது, உலகமே வாய் பிளந்தது. டெர்பி 1975ல் மறுபடி வென்றபோது யாரும் அப்படிப் பிளக்கவில்லை.

இது மாறியதற்கு எல்லோரும் 1992ல் தொடங்கிய பிரீமியர் லீக்கையும் அதன் டிவி பணத்தையும் கை காட்டுவார்கள். நான் 1983ஐச் சொல்வேன். அதுவரை லீக் ஆட்டங்களின் டிக்கெட் வசூலில் ஒரு பங்கு வந்து ஆடும் அணிக்கும் போகும். பெரிய மைதானத்துக்குப் போனால் சின்ன கிளப்புக்கும் நாலு காசு பார்க்கலாம். அந்த ஆண்டு அதை நிறுத்தி, மொத்த வசூலும் சொந்த மைதானக்காரருக்கே என்று ஆக்கினார்கள். டிவி பணம் வந்தது அதற்கு மேல்தான்.

சரி, அந்த நின்று பார்க்கும் கேலரிகள்? டிக்கெட் மலிவு, பாட்டு, கூட்டத்தோடு கூட்டமாக ஆடுவது எல்லாம் உண்மைதான். அதே ஃபாரஸ்ட், 1989 ஏப்ரல் 15 அன்று எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் லிவர்பூலோடு ஆட ஹில்ஸ்பரோ மைதானத்துக்குப் போனது. கம்பி வேலிக்குப் பின்னால் நெரிசலில் சிக்கி இறந்தவர்கள் 97 பேர். போலீஸ் பழியை ரசிகர்கள் மேலேயே போட்டது. அவர்கள் மேல் தவறில்லை என்று விசாரணை ஜூரி சொல்ல 2016 ஆகிவிட்டது. அந்தக் காலத்துக் கேலரிகளிலிருந்து ஃபாரஸ்டின் விவ் ஆண்டர்சன் மேல் வாழைப்பழமும் வீசினார்கள். இங்கிலாந்து சீனியர் அணிக்கு முழு சர்வதேசப் போட்டியில் ஆடிய முதல் கறுப்பின வீரர் அவர். 'அது ஒரு பொற்காலம்' என்று யாராவது ஆரம்பிக்கும்போது இதெல்லாம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வரும்.

இப்போது வரிசைக்கு வரிசை கம்பி போட்டு, 2022 முதல் நின்று பார்க்கவும் மறுபடி சில இடங்களில் அனுமதித்துவிட்டார்கள். வசூலில் பங்கு தரும் பேச்சைத்தான் பெரிய கிளப் எதுவும் எடுக்கக் காணோம்.