டச்சு வாக்கியத்தில் வினைச்சொல் ஏன் ஒரு நேரம் இரண்டாவதாகவும் ஒரு நேரம் கடைசியிலும் வருகிறது?

எனக்கும் முதல் ஆறு மாதம் இதே குழப்பம்தான். நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் மாலை வகுப்புக்குப் போனேன். "ஆங்கிலம் மாதிரி எழுவாய், அப்புறம் வினை, சில இடங்களில் மட்டும் வினை கடைசிக்குப் போகும்" என்று சொல்லிக்கொடுத்தார்கள். அந்தச் 'சில இடங்கள்' கூடிக்கொண்டே போயின. ஒருநாள் வீட்டுப்பாடம் எழுதும்போதுதான், விஷயத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேன் என்று உறைத்தது.

இந்தத் துணை வாக்கியத்தை, அதாவது தனியாக நிற்காமல் இன்னொரு வாக்கியத்தைச் சார்ந்து வருவதைப் பாருங்கள். ('ஃக' வரும் இடத்தில் தொண்டையைச் செருமுங்கள்.)

ஒம்டாட் இக் மோர்ஃகன் மெட் த ட்ரெய்ன் நார் உட்ரெஃக்ட் ஃகா.

ஏனென்றால் – நான் – நாளை – ரயிலில் – உட்ரெஃக்டுக்கு (ஒரு டச்சு நகரம்) – போகிறேன். முன்னால் இருக்கும் 'ஒம்டாட்'டை எடுத்துவிட்டால் மீதி அப்படியே தமிழ் வரிசை. எப்போது, எப்படி, எங்கே என்ற அடுக்குகூட நம்முடையதுதான். ஆங்கிலக்காரர்கள் இதை மனப்பாடம் செய்து திண்டாடுவார்கள்.

ஆக, வினைக்குச் சொந்த இடம் கடைசி. முதன்மை வாக்கியத்தில் மட்டும் அது இரண்டாம் இடத்துக்குத் தாவுகிறது: இக் ஃகா மோர்ஃகன் மெட் த ட்ரெய்ன் நார் உட்ரெஃக்ட். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. யான் கோஸ்டர் என்ற டச்சு மொழியியலாளர் 1975இல் எழுதிய கட்டுரையின் தலைப்பே, டச்சு ஓர் எழுவாய்-செயப்படுபொருள்-வினை மொழி என்பதுதான்.

தாவுவது ஒரே ஒரு வினை, அதாவது ஆளுக்கும் காலத்துக்கும் ஏற்ப மாறுகிற வினை மட்டும். மற்றதெல்லாம் கடைசியிலேயே உட்கார்ந்திருக்கும். 'இக் ஹெப் ஹெட் பூக் ஃகலேஸன்' (நான் அந்தப் புத்தகத்தைப் படித்திருக்கிறேன்) என்பதில் 'ஹெப்' முன்னால் போய்விட்டது, 'ஃகலேஸன்' போகவில்லை. பிரியும் வினைகளும் இப்படித்தான். ஒப்பெலன் என்றால் போன் செய்வது. 'இக் பெல் ய மோர்ஃகன் ஒப்' (நான் உனக்கு நாளை போன் செய்கிறேன்) என்னும்போது 'பெல்' தாவிவிட, 'ஒப்' தனியாகக் கடைசியில் நிற்கிறது. துணை வாக்கியத்தில் தாவல் இல்லை, அதனால் இரண்டும் சேர்ந்தே இருக்கும்: டாட் இக் ய மோர்ஃகன் ஒப்பெல் (நான் உனக்கு நாளை போன் செய்கிறேன் என்று).

நாம் நிஜமாகவே வழுக்கி விழும் இடம் அந்த இரண்டாம் இடம். அது இரண்டாவது சொல் இல்லை, இரண்டாவது இருக்கை. 'ஃபோல்ஃகன்ட வேக் டின்ஸ்டாஃக்' (அடுத்த வாரம் செவ்வாய்) மூன்று சொல், ஆனாலும் ஒரே இருக்கை. முதல் இருக்கையில் நேரத்தை உட்காரவைத்தால், எழுவாய் வினைக்குப் பின்னால் எழுந்து போக வேண்டும்: மோர்ஃகன் ஃகா இக். நான் பல மாதங்கள் 'மோர்ஃகன் இக் ஃகா' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்; எதிரில் இருப்பவர் உடனே ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். ஒரு முழுத் துணை வாக்கியமே முதல் இருக்கையில் அமரலாம்: ஆல்ஸ் ஹெட் ரேஃகன்ட், நேம் இக் த பஸ் (மழை பெய்தால் நான் பஸ்ஸில் போவேன்). இரண்டு வினைகள் காற்புள்ளியின் இரு பக்கமும் முட்டிக்கொண்டு நிற்பது முதலில் விசித்திரமாக இருக்கும். பழகிவிடும்.

'நீட்' என்ற எதிர்மறைச் சொல்லை மட்டும் தமிழ் மாதிரி எப்போதும் கடைசியில் போடாதீர்கள். நான் உட்ரெஃக்டுக்குப் போகவில்லை என்பது 'இக் ஃகா நீட் நார் உட்ரெஃக்ட்'.

தமிழ்க் கணக்கு கைவிடும் இடமும் உண்டு. இரண்டு வினைகள் கடைசியில் சேர்ந்தால் 'ஃகலேஸன் ஹெப்', 'ஹெப் ஃகலேஸன்' இரண்டும் சரி. முதலாவது 'படித்து' + 'இருக்கிறேன்' என்று நம் வரிசையிலேயே இருப்பதால் எனக்கு அதுதான் சுலபம். ஆனால் 'படிக்க வேண்டியிருந்தது' என்று மூன்றாகிவிட்டால் 'ஹெப் மூட்டன் லேஸன்', அதாவது நம்முடையதற்கு நேர் தலைகீழ். பேசும்போது இன்னும் எனக்கு நாக்கு தடுக்கிறது.

அவசரத்துக்கு ஒரு குறுக்குவழி: 'ஒம்டாட்'டுக்குப் பதில் 'வான்ட்' போடுங்கள். பொருள் ஏறக்குறைய அதேதான், ஆனால் பின்னால் வருவது முதன்மை வாக்கியம். 'ஒம்டாட் இக் ஸீக் பென்' (எனக்கு உடம்பு சரியில்லாததால்) என்பது 'வான்ட் இக் பென் ஸீக்' ஆகிவிடும். எங்கள் வகுப்பு ஆசிரியை நான் இப்படித் தப்பிப்பதைக் கண்டுபிடித்து, ஒரு வாரம் எனக்கு 'வான்ட்'டுக்கே தடை போட்டுவிட்டார்.