பூச்சுக்குப் பிறகு வந்த இரைச்சல்
வணக்கம் தம்பி. கோவையில் பெட்டிக்குப் பவுடர் கோட்டிங் (பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கிப் பூசும் பூச்சு) செய்து வாங்கிய பிறகுதான் உங்கள் ஃபஸ் பெடலில் (கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் கருவி) இரைச்சல் தொடங்கியது என்கிறீர்கள். அப்படியானால் சர்க்யூட்டைக் கழற்ற வேண்டாம். அந்தப் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. கிட்டார் வயரைச் செருகும் ஜாக்கின் வாஷர் பூச்சின் மேல் உட்கார்ந்திருந்தால் பெட்டிக்கு எர்த் கிடைக்காது. எர்த் இல்லாத பெட்டி இரைச்சலைத் தடுக்காது.

மல்டிமீட்டரை, இணைப்பு இருந்தால் பீப் ஒலி தரும் நிலையில் வைத்து, அதன் ஒரு முனையை ஜாக்கின் உறையிலும் மறுமுனையை மூடியின் திருகுத் துளையிலும் வையுங்கள். ஒலி வராவிட்டால், பெட்டியின் உட்பக்கத்தில் ஜாக் துளையைச் சுற்றியுள்ள இடத்தையும் மூடி உட்காரும் விளிம்பையும் அலுமினியம் பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் தேயுங்கள். பிறகு பல் வாஷர் போட்டு இறுக்குங்கள். எனக்கு இதே தொல்லை இருந்தது. ஒரு ரூபாய் நாணய அகலம் சுரண்டியதும் அடங்கிவிட்டது.

மின்சாரம் செருகும் 9 வோல்ட் ஜாக் மட்டும் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். பெடல்களில் பெரும்பாலும் நடுமுள்தான் நெகட்டிவ். உலோக ஜாக் என்றால் வெளிப்புற பாசிட்டிவ் பெட்டியில் பட்டு ஷார்ட் ஆகிவிடும்.

அடுத்த பெட்டிக்குக் கோவை கணபதி பகுதிப் பட்டறையில் 1.6 மி.மீ. தகடு கேளுங்கள். 5052 ரக அலுமினியம் நன்றாக வளையும், 6061 ரகம் மடிப்பில் விரிசல் விடும். கோட்டிங்குக்கு முன் உட்பக்கத்தில் துளைகளைச் சுற்றிச் சூடு தாங்கும் டேப் ஒட்டச் சொல்லுங்கள்.